லாந்தர் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது? – பிக்சல் ஓவியம் குறித்து வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கலங்கரை விளக்கத்தைக் காக்கும் முதியவர் ஒருவரை 32×32 பிக்சல் (படத்தின் மிகச் சிறிய சதுரக் கட்டம்) அளவில் வரைந்திருக்கிறேன். நான் உருவாக்கிவரும் சிறிய வீடியோ கேமில் இவர்தான் முதன்மைப் பாத்திரம். நீண்ட மேலங்கி, குல்லாய், நரைத்த தாடி, கையில் எரியும் லாந்தர் ஆகியவற்றுடன் படத்தின் வலப்புறம் நோக்கி நடந்துகொண்டிருக்கிறார். மொத்தம் 27 வண்ணங்கள் பயன்படுத்தியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் "நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது" என்கிறார்கள். அந்த "ஏதோ" என்ன என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன், தாட்சண்யம் பாராமல் சொல்லுங்கள்.

பதில்: படத்தை நெடுநேரம் பார்த்தேன். முதலில், கைவைக்கக் கூடாதவை எவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருத்தும் வேகத்தில் அவை தொலைந்துபோனால் பிறகு மீட்பது கடினம். முதியவரின் தலை உடம்பைவிட இரண்டு பிக்சல் முன்னால் தள்ளி இருக்கிறது. காற்றை எதிர்த்து நடந்தே பழகிப்போன மனிதர் இவர் என்ற எண்ணம் அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் எழுகிறது. நீங்கள் திட்டமிட்டு வரைந்தீர்களோ, தானாக அமைந்ததோ, பாத்திரத்தின் உயிர் அந்த இரண்டு பிக்சலில் இருக்கிறது. தாடியை இழை இழையாகப் பிரிக்காமல் ஒரே வெண்திட்டாக விட்டிருப்பதும் மிகச் சரியான முடிவு.

இடிப்பவற்றைப் பெரியதில் தொடங்கிச் சிறியதை நோக்கிச் சொல்கிறேன்; நீங்களும் அதே வரிசையில் திருத்துங்கள். மேலங்கியின் ஓரத்தில் உள்ள படிக்கட்டுக் கோடுகளை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து சீராக்கிவிட்டு, மறுநாள் கையை இடம் மாற்ற வேண்டும் என்று தோன்றினால், முதல் நாள் உழைப்பு அத்தனையும் அழிந்துபோகும்.

படத்தை ஒரு பிரதி எடுத்து, பாத்திரம் முழுவதையும் ஒரே கறுப்பு நிறத்தால் நிரப்பிப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது எனக்குக் கிடைத்தது, தலை வைத்த ஒரு சாக்கு மூட்டை. லாந்தரை மேலங்கியின் மீதே வரைந்திருப்பதால் புறவடிவத்தில் அது அடியோடு மறைந்துவிடுகிறது. இவரை மற்ற முதியவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் ஒரே பொருள் அதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கேன்வாஸின் வலப்புறத்தில் 7 பிக்சல் அகலம் சும்மா கிடக்கிறது. கையை முன்னால் நீட்டி லாந்தரை அந்த வெற்றிடத்துக்குக் கொண்டுவாருங்கள். லாந்தருக்கும் அங்கிக்கும் நடுவே குறைந்தது இரண்டு பிக்சல் இடைவெளி இருக்கட்டும், ஏனென்றால் ஒரு பிக்சல் இடைவெளி, படம் உண்மை அளவில் தெரியும்போது அடைபட்டுவிடுகிறது.

சிறிய கட்டத்தில் ஒருவரை அடையாளம் காட்டுவது எப்படி என்பதற்கு 1981இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டு இன்றும் நல்ல பாடம். பின்னாளில் மாரியோ என்று பெயர்பெற்ற அந்தப் பாத்திரத்தை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ, வாயை வரைய இடமில்லாததால் பெரிய மூக்கும் மீசையும் வைத்தார். தலைமுடியை வரைவதும் அசைப்பதும் சிரமமாக இருந்ததால் தொப்பி வைத்தார். கை வீசுவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக தோள்பட்டை வைத்த ஓவரால் உடையையும் உள்ளே போட்ட சட்டையையும் வேறு வேறு நிறமாக்கினார். உலகமே அறிந்த அந்தத் தோற்றத்தின் ஒவ்வொரு உறுப்பும் இப்படித் தெளிவாகத் தெரிய வேண்டிய தேவையிலிருந்து பிறந்தது. உங்கள் முதியவரின் கை அங்கியின் அதே நீலத்தில் இருக்கிறது. கையுறையோ, சட்டை மடிப்பின் வெளிர் விளிம்போ, ஏதாவது ஒன்று மணிக்கட்டில் நிறத்தைப் பிரிக்கட்டும்.

அடுத்தது ஒளி. என் கணிப்பில், பார்த்தவர்களுக்கு இடித்த "ஏதோ" பெரும்பாலும் இதுதான். மேலங்கியின் விளிம்புகள் எல்லாப் பக்கமும் கருமையாகவும், நடுப்பகுதி வெளிச்சமாகவும் இருக்கின்றன. பிக்சல் ஓவியர்கள் இதைப் பில்லோ ஷேடிங் என்பார்கள், அதாவது தலையணை நிழல். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தீர்மானிக்காமல், வடிவத்தின் ஓரத்தை மட்டும் பார்த்து நிழலிட்டால் எல்லாப் பொருளும் ஊதி உப்பிய தலையணைபோல ஆகிவிடும். தொடக்கத்தில் எல்லோர் கையிலும் வருகிற பிழைதான் இது. என்றாலும் கையில் எரியும் லாந்தரைப் பிடித்திருக்கும் பாத்திரத்தில் இது இருமடங்கு உறுத்துகிறது. இரவில் நடக்கும் இவருக்கு அந்த லாந்தரைத் தவிர வேறு வெளிச்சம் எது? எனவே அங்கியின் முன்பக்கம், தாடியின் முன்விளிம்பு, குல்லாயின் முன்மடிப்பு, முன்வைத்த காலணியின் நுனி ஆகிய நான்கு இடங்களில் மட்டும் ஒளி படட்டும். முதுகு முழுவதும் இருளில் மூழ்கட்டும்; துணிந்து மூழ்கவிடுங்கள். லாந்தர் இடுப்பு உயரத்தில் இருந்தால் வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறி, கன்னமும் புருவமும் அடியில் ஒளிபெற்று, பரிவான முதியவர் பேய்க்கதையில் வருபவர்போல ஆகிவிடுவார். அது உங்கள் நோக்கமில்லை என்றால் லாந்தரை மோவாய் உயரத்துக்கு உயர்த்திப் பிடிக்கச் செய்யுங்கள். வழி தேடுபவரின் சாயலும் அதனால் கூடும்.

வண்ணத்துக்குப் போகும் முன் படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தேன். நீல அங்கியும் பழுப்புக் குல்லாயும் ஒரே சாம்பலாகிவிட்டன. நிறம் வேறாக இருந்தும் வெளிச்ச அளவு ஒன்றாக இருப்பதால், தலை எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்பது சற்றுத் தள்ளிப் பார்த்தால் புலப்படவில்லை. குல்லாயை இரண்டு படி வெளிர் ஆக்கினாலே போதும்.

நீலத்தில் மட்டும் ஆறு படிகள் வைத்திருக்கிறீர்கள். ஆறும் ஒரே நீலத்தில் கறுப்பைக் கூட்டியும் குறைத்தும் செய்தவை. அதனால்தான் துணி தூசி படிந்ததுபோல் தெரிகிறது. நிழல் ஆழமாக ஆக நிறம் ஊதாவை நோக்கியும், வெளிச்சம் கூடக் கூட மஞ்சளை நோக்கியும் சாயட்டும். ஹியூ ஷிஃப்டிங் என்று இதைச் சொல்கிறோம். லாந்தரின் மஞ்சள் ஏற்கெனவே படத்தில் இருப்பதால் உங்களுக்கு இது எளிது. இப்படிச் செய்தால் அங்கிக்கு மூன்று படிகள் போதும்; அவற்றில் மிக ஆழமான ஊதா, குல்லாயின் நிழலுக்கும் காலணிக்கும் புறக்கோட்டுக்கும் சேர்த்தே உதவும். எண்ணிப் பார்த்தேன்: 27 வண்ணங்கள் 10 ஆகக் குறைகின்றன, படம் எதையும் இழக்கவில்லை.

கடைசியாகத் தனிப் பிக்சல்கள். மேலங்கியின் முதுகுப்பக்க விளிம்பு தோளிலிருந்து கீழே இறங்கும்போது, ஒவ்வொரு படியும் எத்தனை பிக்சல் உயரம் என்று எண்ணினேன்: 5, 2, 4, 1, 2. கண் அந்தக் கோட்டில் வழுக்கி இறங்க முடியாமல் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறது. அதையே 5, 4, 2, 2, 1 என்று மாற்றுங்கள். மொத்த உயரம் அதே 14 பிக்சல்தான், ஒரு பிக்சல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை; ஆனால் விளிம்பு தோளில் நெட்டாக இறங்கி, அடியில் காற்றில் விரிந்து பறக்கும் துணியாகிவிடுகிறது. படிகளின் நீளம் ஒரே திசையில் கூடவோ குறையவோ செய்தால் அது வளைவு. ஏறி இறங்கினால் அது பிசிறு.

முகம் 7 பிக்சல் அகலந்தான். அங்கே ஒரு பிக்சல் என்பது முகத்தில் ஏழில் ஒரு பங்கு. அதற்குள் வெள்ளைவிழி, கருவிழி, புருவம், மூக்கின் நிழல், இரண்டு சுருக்கங்கள் என்று அடைத்திருப்பதால் முகத்தில் அம்மைத் தழும்புபோல் தெரிகிறது. வெள்ளைவிழியையும் சுருக்கங்களையும் எடுத்துவிடுங்கள். குல்லாய்க்குக் கீழே ஒரு கரும் பிக்சல், அதற்கு முன்னால் ஒளிபட்ட மூக்கு, அதன்கீழ் தாடி. இவ்வளவு இருந்தால் பார்ப்பவரின் கண் மற்றதைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

கேள்வி: என் பாத்திரத்தைப் பார்த்த ஒருவர், "கறுப்புப் புறக்கோட்டை எடுத்துவிடு" என்கிறார். இன்னொருவர், "புறக்கோடு பலவீனமாக இருக்கிறது, இன்னும் அழுத்தமாகப் போடு" என்கிறார். இருவருமே என்னைவிட அனுபவசாலிகள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்லும் மருந்தும் வேறு, ஆனால் நோய் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் பாத்திரம் காட்டுப் பின்னணியின் முன் நிற்கிறது. பின்னணியில் மரங்களுக்கும் கறுப்புப் புறக்கோடு, பாத்திரத்துக்கும் அதே கறுப்புப் புறக்கோடு. பாத்திரம் மரங்களோடு கலந்துவிடுவதை இருவருமே உணர்ந்திருக்கிறார்கள். ஒருவர் கோட்டை நீக்கினால் நிறங்கள் பேசும் என்று நினைக்கிறார். மற்றவர் கோட்டை அழுத்தினால் உரு பிரியும் என்று நினைக்கிறார். விமர்சனம் செய்பவர் தமக்கு எங்கே தடை ஏற்பட்டது என்று சொல்லும்போது அநேகமாக எப்போதும் சரியாகவே சொல்கிறார். அதற்குத் தீர்வு சொல்லும்போது தம்முடைய பழக்கத்திலிருந்து சொல்கிறார். எனவே முதலாவதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதைச் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு மூன்றாவது ஒன்றுக்கு வந்தேன். பின்னணி மரங்களின் புறக்கோட்டை அவற்றின் பச்சையிலேயே ஆழமான ஒரு படியாக மாற்றினேன். பாத்திரத்தின் கோட்டைத் தொடவே இல்லை. பாத்திரம் முன்னால் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டும் கறுப்புக்குப் பதிலாக அந்தந்தத் துணியின் ஆழ்நிறத்தைப் புறக்கோடாக வையுங்கள். நிழல் பக்கம் கறுப்பாகவே இருக்கட்டும். செலக்டிவ் அவுட்லைன் என்னும் இந்த முறையில், எந்தப் பக்கம் வெளிச்சம் என்பதைக் கோடும் சேர்ந்து சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: பாத்திரம் இருட்டுக் குகையிலும் பட்டப்பகலிலும் மாறி மாறித் தோன்றும் விளையாட்டு என்றால், முழுமையான கரும்புறக்கோடுதான் பாதுகாப்பானது. கோடு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பின்னணியைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

கேள்வி: பிக்சல் ஓவியம் என்றால் வண்ணங்களைக் குறைவாகத்தான் பயன்படுத்த வேண்டுமா? இப்போதைய கணினிகளில் அந்தக் கட்டுப்பாடு எதற்கு?

பதில்: கட்டாயம் எதுவுமில்லை. 1983இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் வீடியோ கேம் கருவியில் ஒரு ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் சிறு உருவப்படத்துக்கு) மூன்று வண்ணங்களும், ஒளிபுகும் இடத்துக்கு ஒன்றும் மட்டுமே கிடைத்தன. 1989இல் வந்த கேம் பாய் திரையில் 160×144 பிக்சல்களும் நான்கு சாயல்களும்தான். அன்றைய ஓவியர்கள் அதை விரும்பி ஏற்றவர்கள் அல்லர். ஒரு முகத்துக்குக் கூடுதல் நிறம் வேண்டும் என்றால் இரண்டாவது ஸ்பிரைட் ஒன்றை மேலே அடுக்கிச் சமாளித்தார்கள். இன்று அந்தக் கருவிகளின் தளை இல்லை. ஆயினும், திருத்தும் வேலைக்கு வண்ணக்குறைவு பெரிய வசதி. 10 வண்ணங்கள் உள்ள படத்தில் ஒரு நிறத்தை மாற்றினால் அது எங்கெல்லாம் இருக்கிறது என்பது உடனே தெரியும். 60 வண்ணங்கள் உள்ள படத்தில், கண்ணுக்கு வேறுபாடே தெரியாத நான்கு பழுப்புகளில் எது எங்கே என்று தேடியே பொழுது போய்விடும்.

ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். 1984இல் வெளிவந்த மேக்கின்டோஷ் கணினிக்காக வடிவமைப்பாளர் சூசன் கேர் 32×32 கட்டங்களில், கறுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு சின்னங்களை உருவாக்கினார். அவற்றுக்கான முதல் வரைவுகளைக் கட்டம் போட்ட தாளில்தான் செய்தார். உங்கள் பாத்திரத்தையும் ஒருமுறை அந்த இரண்டு நிறங்களில் மட்டும் வரைந்து பாருங்கள். அப்போதும் அது யார் என்று தெரிந்தால், அதன்மேல் எத்தனை வண்ணம் பூசினாலும் கெடாது.

கேள்வி: சில ஆண்டுகளாக வரைகிறேன். புதிதாகத் தொடங்கியவர்கள் தங்கள் பாத்திரங்களை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மனம் நோகிறது. மென்மையாகச் சொன்னால் பயனில்லை. எப்படிச் சொல்வது? அவர்கள் படத்தை நானே திருத்தி அனுப்பலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டும். முன்பு ஓர் இளைஞர் தாம் வரைந்த மீனவப் பெண்ணின் உருவத்தை எனக்கு அனுப்பினார். நான் அக்கறையோடுதான் உட்கார்ந்தேன். கண்ணில் பட்ட பிழைகள் அத்தனையையும் எழுதினேன், பத்தொன்பது வந்தன. ஒரு வாரத்தில் அவர் பத்தொன்பதையும் திருத்தி அனுப்பினார். நிழல் சரி, விளிம்பு சரி, வண்ணம் சரி. ஆனால் முதல் படத்தில் அந்தப் பெண் ஒரு பக்கமாக இடுப்பைச் சாய்த்து, வலையின் கனத்தைத் தாங்கி நின்ற நிலை போய்விட்டது. விறைப்பாக நேரே நின்றாள். அந்தச் சாய்வு நன்றாக இருக்கிறது என்று நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. இடத் தோளும் வலத் தோளும் சமமாக இல்லை என்ற என் ஏழாவது குறிப்பைப் படித்துவிட்டு அவர் அதையும் "திருத்தி" இருந்தார். குற்றம் முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் முதல் குறிப்பாக, மாற்றக் கூடாதது எது என்பதையே எழுதுகிறேன். உபசாரமாகச் சொல்லும் பாராட்டாக அதை நான் கருதுவதில்லை. திருத்தத்துக்குத் தேவையான தகவலாகவே கருதுகிறேன்.

அடுத்து, என்ன செய்ய நினைத்தார்கள் என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான விளையாட்டில் வரும் அரக்கன் அச்சமூட்டவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. பிறகு, சொல்வதை இடம் சுட்டிச் சொல்லுங்கள். "கை சரியில்லை" என்பதைக் கேட்டவர் வருந்துவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. "முழங்கைக்குக் கீழே கையும் அங்கியும் ஒரே நிறத்தில் இருப்பதால் கை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை, அவர் எதையாவது பிடித்திருக்கிறாரா?" என்று சொன்னால், எந்த இடம், அது பார்ப்பவருக்கு என்ன செய்கிறது, அவர் மனத்தில் இருந்தது என்ன என்ற மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. மனம் நோவது பெரும்பாலும் உண்மையால் அன்று, பிடித்துக்கொள்ள இடமில்லாத உண்மையால்தான். ஒரு தடவையில் இரண்டு மூன்று குறிப்புகள் போதும். அவையும் பெரிய விஷயங்களாக இருக்கட்டும். புறவடிவமே குழம்பியிருக்கும் படத்தில் டிதரிங் (இரு நிறப் பிக்சல்களை மாற்றி மாற்றி வைத்து இடைநிறம்போல் காட்டுவது) பற்றிப் பேசுவது வீண்.

படத்தை நீங்களே திருத்துவது பற்றி: அனுமதி கேட்டுவிட்டுத் தாராளமாகச் செய்யலாம், பிக்சல் ஓவியத்தில் சொல்லால் விளக்க ஒரு பக்கம் தேவைப்படுவதை எட்டுப் பிக்சல்களை நகர்த்திக் காட்டிவிடலாம். ஆனால் பிரதியில் மட்டும் கைவையுங்கள், மூலப்படத்தைப் பக்கத்திலேயே வையுங்கள், அவர்கள் பயன்படுத்திய அதே வண்ணங்களைக்கொண்டே திருத்துங்கள். புது வண்ணங்களைக் கொண்டுவந்தால், படம் மேம்பட்டதற்குக் காரணம் வடிவமா வண்ணமா என்பது அவர்களுக்குப் புரியாமல் போய்விடும். முழுப் படத்தையும் உங்கள் கைவண்ணமாக மாற்றிவிடாமல், ஒரு கையையோ முகத்தையோ மட்டும் செய்து காட்டி மீதியை அவர்களிடம் விடுங்கள்.

கேள்வி: கருத்துக் கேட்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கி அனுப்பினால் மங்கலாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பெரிதாக்கும்போது ஒவ்வொரு பிக்சலையும் நிறம் மாறாமல் அப்படியே பெரிதாக்கும் நியரஸ்ட் நெய்பர் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள், மற்ற முறைகள் பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து இடையில் புது நிறங்களை உண்டாக்கிவிடும். அளவும் முழு எண் மடங்காகவே இருக்க வேண்டும். 32×32 படத்தை ஒன்றரை மடங்காக 48×48 ஆக்கினால், சில பிக்சல்கள் இரண்டு கட்டமாகவும் சில ஒரே கட்டமாகவும் விரிந்து, நீங்கள் செய்யாத பிழையெல்லாம் படத்தில் தெரியும். ஜேபெக் வடிவம் விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆக்கும் என்பதால் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். நான்கு அல்லது எட்டு மடங்குப் படத்தின் பக்கத்தில் உண்மை அளவுப் படத்தையும், முடிந்தால் விளையாட்டின் பின்னணியோடு சேர்த்தே, வைத்து அனுப்புங்கள்; விளையாடுபவர் பார்க்கப்போவது அந்த அளவைத்தான்.